கயிற்றுக்குப் பக்கத்துக் கோடு

சான் இசித்ரோ
ஆகஸ்டு 17, 2014

சேசுவில் அன்புள்ள தங்கை சிஸ்டர் மரியா பாஸுக்கு,

ஆலை அனுப்பிய அறிவிப்பை வாசித்தபோது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் அர்செனியோ, மகள் லிகாயா, அத்தானோடு வேலை பார்க்கும் எலெக்ட்ரீசியன் ப்ருடென்சியோ. ஆக நான்கு பேர். வாரம் ஒரு வீடாகச் சுற்றிவரும் ஜெபமாலை மாதாவுக்கு இந்த வாரம் எங்கள் வீட்டு முறை என்பதால் மேசை ஓரத்தில் மாதா சுரூபமும் இருந்தது.

நீயும் மடத்து சகோதரிகளும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே சுகம்தான். அவருக்கு மட்டும் கண்ணெரிச்சல்.

அறிவிப்பில் இருந்தது இதுதான். தேங்காய்த் துருவல் பிரிவில் உள்ள பழைய ரிலே பலகைகளை எல்லாம் எடுத்துவிட்டு கன்ட்ரோலர் பெட்டிகளை வைக்கப்போகிறார்கள். எலெக்ட்ரீசியன்கள் அதற்கு புரோகிராம் எழுதக் கற்று, பிப்ரவரியில் பரீட்சை எழுத வேண்டும். தேறியவருக்கு வேலை. தேறாதவர் சிரட்டை ஏற்றும் பக்கம் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

ப்ருடென்சியோ சிரித்தான். "இனிமே ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிப் போட்டுட்டு பேனா பிடிக்கணும்யா. எனக்குப் பேனா பிடிச்சா கை நடுங்கும். என் கல்யாண ரிஜிஸ்தரப் பாத்தா தெரியும்." அர்செனியோ சிரிக்கவில்லை. "என் தலைக்குள்ள இனி ஒண்ணும் ஏறாது, மினியா" என்றார். ஐம்பத்தொரு வயது, பன்னிரண்டு மணி நேர வேலை. வீட்டுக்கு வந்தால் சோற்றுத் தட்டின் முன்பே தூங்கிப்போகிறார்.

அதனால் பயிற்சித் தாள்களை நான் முதலில் படித்து அவருக்குச் சொல்வதென்று முடிவு. நான் ஆறாம் வகுப்பு. ஆனால் எழுத்து தெரியும், பொறுமை உண்டு. மடத்தில் சேருமுன் ஏழு வருஷம் நீ இந்த வேலைதானே செய்தாய்? கடிதத்தில் சொல்லிக்கொடுப்பாயா? மதரிடம் உத்தரவு கேள்.

கோன்சிங்கிற்காக ஜெபி. லிகாயாவின் ஞானத்தாய், நினைவிருக்கும். ஜூன் 21ஆம் தேதி, ஆலையில் தேங்காய்ப் பருப்பைச் சுமந்து ஓடும் பெல்ட்டுப் பட்டையில் கை மாட்டி, வலக்கையில் மூன்று விரல்கள் போயின. பட்டை ஓரத்து ஆபத்துக் கயிற்றை இழுத்திருந்தால் அது நின்றிருக்கும், இழுக்காதது அவள் தவறு என்று ஆலை எழுதிவிட்டது.

உன் அக்கா
ஹெர்மீனியா


கிளாரா மடம்
செப்டம்பர் 7, 2014

அன்புள்ள அக்கா,

சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. எங்கள் எல்லோருக்கும் சளி. வயதான சிஸ்டர் பெர்பெத்துவாவுக்கு மட்டும் இல்லை. அவர்தான் எல்லோருக்கும் கொடுத்தவர் என்று பேச்சு.

மதர் உத்தரவு கொடுத்துவிட்டார். வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாவற்றையும் அவர் வாசிப்பது உனக்குத் தெரியும். பயிற்சித் தாளில் "ஏணிப் படம்" என்று பார்த்ததும் கேட்டார்: "இது என்ன ஏணி, யாக்கோபு கண்ட ஏணியா?" "இல்ல மதர், இதுல தேவதூதர் ஏறமாட்டாங்க, கரண்ட்தான் போகும்" என்றேன். "அப்ப ஜாக்கிரதையா ஏறச் சொல்லு" என்றார்.

முதல் பாடம். படத்தில் இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடுகள், நடுவே படிகள். ஒவ்வொரு படியும் ஒரு வாக்கியம். இடப்பக்கம் "இன்னது நடந்தால்". வலக்கோடியில் "இன்னதைச் செய்". இடமிருந்து வலம் வரை வழி திறந்திருந்தால்தான் வலக்கோடியில் உள்ளது நடக்கும். பெட்டி மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை வாசிக்கும். முடிந்ததும் மறுபடி முதல் படி. ஜெபமாலை மாதிரிதான், ஆனால் நம்மைப் போல நடுவில் கொட்டாவி விடாது. ஒரு நொடிக்குள் பல தடவை சுற்றிவிடும்.

வீட்டுப்பாடம்: பொத்தானை அமுக்கினால் பட்டை ஓட வேண்டும். விரலை எடுத்தபின்னும் ஓட வேண்டும். எழுதி அனுப்பு.

கோன்சிங்கின் பெயர் எங்கள் காலை ஜெபத்தில் இருக்கிறது.

சிஸ்டர் மரியா பாஸ்


சான் இசித்ரோ
செப்டம்பர் 28, 2014

சேசுவில் அன்புள்ள தங்கைக்கு,

சளி விட்டதா? இஞ்சியை நசுக்கிக் காய்ச்சிக் குடியுங்கள்.

வீட்டுப்பாடத்தில் பதினோரு முறை தோற்றேன். எண்ணி வைத்திருக்கிறேன். விரலை எடுத்தால் பட்டை நின்றுபோகிறது. பன்னிரண்டாம் முறை, துணி அலசிக்கொண்டிருக்கும்போது பட்டது. பட்டை ஓடுகிறது என்பதையே ஒரு சாட்சியாக எடுத்து, பொத்தானுக்குக் கீழே இன்னொரு வழியாகப் போட்டேன். பொத்தான் விட்டாலும் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஈரக் கையோடு வந்து எழுதினேன், தாளில் கறை தெரியும். சரிதானா?

அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எங்க பழைய பலகையிலயே இருக்கு, மினியா. இருபத்திரண்டு வருஷமா இத என் கையால கட்டியிருக்கேன். இதத்தான் பாடம்னு சொல்றாங்கன்னு தெரியாது." கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த தாளைத் திருப்பியபோது போய்விட்டது. அது நிறுத்தும் கயிறு பற்றிய பாடம். "இது அப்புறம்" என்று எழுந்து போனார்.

ஆலையில் கேலி செய்கிறார்களாம், "வீட்டுக்காரி பாடம் படிக்கிறா, நீ ஏன்யா கொட்டாவி விடறே" என்று.

வியாழன்தோறும் கோன்சிங்கிற்கு அரிசிக் கஞ்சி கொண்டுபோகிறேன். இடக்கையால் குடிக்கப் பழகிவிட்டாள். மறுபடி அதையேதான் சொன்னாள்: "கயித்த நான் இழுத்தேன் அக்கா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. பட்டை என் பேச்சக் கேக்கல." நான் "கடவுளுக்குத் தெரியும்" என்றேன்.

நிறுத்தும் கயிறு பாடத்தை நீயே சொல்லிக்கொடு. தாளில் உள்ளது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

ஹெர்மீனியா


கிளாரா மடம்
அக்டோபர் 19, 2014

அன்புள்ள அக்கா,

சரிதான். கறையும் சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது. மதரிடம் காட்டினேன், "ஆறாம் வகுப்பா?" என்றார்.

நிறுத்தும் கயிறு உனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் முதலில் தலைகீழாகத்தான் தெரியும். கயிற்றை இழுத்தால் ஒரு சேதி போகும், சேதி போனால் பட்டை நிற்கும் என்று நினைப்போம். அப்படி வைத்தால், எலி கம்பியைக் கடித்துவிட்ட அன்று இழுத்தாலும் சேதி போகாது. அதனால் மாற்றி வைத்தார்கள். கயிற்றின் கம்பி எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும்: "சுகம், சுகம், சுகம்." அந்தப் பேச்சு இருக்கும்வரை பட்டை ஓடலாம். கயிற்றை இழுத்தாலும் பேச்சு நிற்கும், கம்பி அறுந்தாலும் பேச்சு நிற்கும். பேச்சு நின்றால், காரணம் கேட்காதே, நிறுத்து. மௌனத்தை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேலையில் நான் கற்றதிலேயே பெரிய பாடம் அதுதான்.

அத்தான் ஏன் எழுந்து போனார்? இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு கட்டியவருக்கு இது கஷ்டமாக இருக்காதே.

பரீட்சையில் பழைய பலகை ஒன்றைக் கொடுத்து ஏணிப் படமாக மாற்றச் சொல்வார்கள். அவர் கைநோட்டில் ஆலைப் பலகைகளின் படங்கள் இருக்குமே, ஒன்றை அப்படியே பிரதி எடுத்து அனுப்பு. எதையும் விடாதே.

சிஸ்டர் மரியா பாஸ்


சான் இசித்ரோ
நவம்பர் 9, 2014

சேசுவில் அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகமா? கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றினோம். உன் பங்குக்கு இரண்டு.

முதலில் ஒரு நல்ல சேதி. மோட்டார் முன்னும் பின்னும் ஓடும் பாடத்தில் அவர் மாட்டிக்கொண்டார். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் ஜெபமாலைப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினேன். பதினாறு வருஷமாக எந்த வாரம் எந்த வீடு என்று நான்தான் எழுதுகிறேன். "மாதா ரெண்டு வீட்ல ஒரே வாரம் இருந்திருக்காங்களா?" "இல்ல." "ஏன்?" "ஒரு வீடு குடுத்தாதானே அடுத்த வீடு வாங்க முடியும்?" "அதத்தான் எழுதணும்." உடனே எழுதிவிட்டார். ப்ருடென்சியோவுக்கும் மாதாவை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவன் ஆலையில் மோட்டாரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்கிறானாம்.

நீ கேட்ட பிரதி இதோடு இருக்கிறது. பருப்புப் பட்டையின் பலகை. அவர் வேலைக்குப் போயிருந்தபோது கைநோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து மூன்று நாள் வரைந்தேன். கோடுகள் எதையும் விடவில்லை. பக்கத்தில் அவர் பென்சிலால் கிறுக்கியிருப்பது மங்கலாக இருந்ததால் அதை மட்டும் எழுதவில்லை.

என் முதுகு வலிக்கிறது. வேறொன்றுமில்லை.

ஹெர்மீனியா


கிளாரா மடம்
நவம்பர் 27, 2014

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

படம் மிக நன்றாக இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் வரைந்ததில்லை.

மூன்றாம் வரியில், ஆபத்துக் கயிறு என்று நீ எழுதிய இடத்தைப் பார். அதற்குப் பக்கத்தில் ஒரு வெறும் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறது. நீ சிவப்பில் வரைந்திருக்கிறாய். நோட்டிலும் சிவப்பா? அது கயிற்றைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி. அந்தக் கம்பி இருக்கும்வரை யாரும் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் பட்டை நிற்காது. மழைக்காலத்தில் கயிற்றின் கம்பியில் ஈரம் பட்டு, பட்டை அடிக்கடி நின்றால், உற்பத்தி கெடக்கூடாதென்று சில இடங்களில் இப்படிச் செய்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பென்சிலால் கிறுக்கியிருப்பது என்ன, அக்கா?

சிஸ்டர் மரியா பாஸ்


சான் இசித்ரோ
ஜனவரி 4, 2015

சேசுவில் அன்புள்ள தங்கைக்கு,

பாலன் பிறப்பின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் விடியற்காலைப் பூசைக்குப் போனோம். லிகாயா நான்காம் நாளில் தூங்கிவிட்டாள், குறித்துவைத்திருக்கிறேன்.

பரீட்சை பிப்ரவரி 20. நேரம் அளக்கும் பாடமும் எண்ணும் பாடமும் முடிந்தன. எண்ணும் பாடம் அவருக்கு எளிது. ஆயிரம் தேங்காய் எண்ணி மணி அடிக்கும் படம் எழுதினார், பிழை ஒன்றுகூட இல்லை. மெலிந்திருக்கிறார். மழை விடவில்லை. துணி காய்வதில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெர்மீனியா


கிளாரா மடம்
ஜனவரி 19, 2015

அன்புள்ள அக்கா,

சுகம். நீ எண்ணும் பாடத்தைப் பற்றி எழுதினாய், மழையைப் பற்றி எழுதினாய், லிகாயா தூங்கியதைக்கூட எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. பதினாறு வருஷப் பதிவேட்டில் ஒரு வாரம்கூட விடாதவள் நீ.

நான் மறுபடி கேட்கப்போவதில்லை. காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18 சாம்பல் புதன். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, தெரியுமல்லவா?

சிஸ்டர் மரியா பாஸ்


சான் இசித்ரோ
பிப்ரவரி 12, 2015

சேசுவில் அன்புள்ள தங்கைக்கு,

உன் நவம்பர் கடிதம் வந்த அன்றே நோட்டைத் திறந்து பார்த்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் தெரிகிறது. அவர் கையெழுத்து.

"மார்ச் 9. மழை. கயிறு ஓயாமல் நிறுத்துகிறது. மேற்பார்வையாளர் சொன்னபடி குறுக்குக் கம்பி போட்டேன்."

அதன் கீழே: "ஜூன் 21. மாலை 4.10. எடுத்தேன்."

கோன்சிங்கின் கை போனது அன்று மூன்றரை மணிக்கு.

எதைச் செய்தாலும் தேதி போட்டு எழுது என்று அவருக்குப் பழக்கியவள் நான்தான். கல்யாணமான புதிதில் எத்தனை சண்டை இதற்காக.

ஆலை விசாரித்தபோது கயிறு சரியாக வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் அவர். சோதித்துக்காட்டினார்கள், பட்டை நின்றது. நிற்காதா பின்னே, கம்பியை எடுத்தாயிற்றே.

நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அதன்பிறகு பத்து வியாழக்கிழமைகள் கோன்சிங்கிற்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறேன். அவள் "இழுத்தேன் அக்கா" என்பாள். நான் "கடவுளுக்குத் தெரியும்" என்பேன். கடவுளுக்கு மட்டும்தான் தெரியும் என்பதுபோல.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் மதர் வாசிப்பார். மதர் வாசித்தால் அது வெளியே வந்துவிட்ட சேதி. எழுதாதவரை அது நோட்டுக்குள் இருந்தது. உன் அத்தானிடமும் கேட்கவில்லை. கேட்டால் பரீட்சையில் தோற்பார். பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறேன். இது பாவமா என்று உன்னிடம் கேட்கவில்லை. அது தெரிந்தே இருக்கிறேன். களைப்பாக இருக்கிறது, தங்கையே. அவ்வளவுதான்.

இது சாம்பல் புதனுக்கு முன் உன் கையில் கிடைக்குமா தெரியவில்லை.

ஹெர்மீனியா


சான் இசித்ரோ
மார்ச் 1, 2015

வணக்கத்துக்குரிய மதர் அவர்களுக்கு,

சேசுவுக்குப் புகழ். தவக்காலத்தில் சகோதரிகளுக்கு வரும் கடிதங்களை உயிர்ப்பு ஞாயிறுவரை எடுத்து வைத்துவிடுவீர்கள் என்று அறிவேன். அதனால் இதைத் தங்கைக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன். என் சென்ற கடிதத்தை அவள் வாசித்தாளோ இல்லையோ, நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

அர்செனியோ பரீட்சையில் தேறிவிட்டார். எட்டுப் பேரில் மூன்றாவது. படமெல்லாம் சரியாக எழுதினாராம். கடைசியில் நேர்முகமாக ஒரு கேள்வி: கயிற்றுக் கம்பியில் பேச்சு நின்றால் ஏன் பட்டையை நிறுத்த வேண்டும்? இவர் என் தங்கை சொல்லிக்கொடுத்ததையே சொல்லியிருக்கிறார்: "மௌனத்த நல்ல சேதியா எடுத்துக்கக் கூடாதுங்க." பரீட்சைக்காரர் மிகவும் மெச்சினாராம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன், திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

"எப்பத்திலிருந்து தெரியும்?" என்றார்.

"டிசம்பர்லேர்ந்து."

"என்னை ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"



சென்ற ஞாயிறு, 22ஆம் தேதி, மாதா எங்கள் தெருவின் கடைசி வீட்டிலிருந்து கோன்சிங்கின் வீட்டுக்குப் போகும் முறை. பதிவேட்டில் முதலிலேயே எழுதியிருந்தது, நான் ஒன்றும் மாற்றி வைக்கவில்லை. எப்போதும் பெண்கள்தான் சுரூபத்தைத் தூக்கிப் போவோம். அன்று அர்செனியோ சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "குடு, நான் தூக்கறேன்" என்றார். நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

கோன்சிங் வாசலுக்கு வந்தாள். சுரூபத்தை வலக்கையால் பிடிக்க முடியாது. இரண்டு முழங்கைகளையும் சேர்த்து, குழந்தையை வாங்குவதுபோல் நீட்டினாள். அவர் உடனே கொடுக்கவில்லை.

"நீ கயித்த இழுத்தே, கோன்சிங்" என்றார். "ரெண்டு தடவ இழுத்தே. அது நிக்காது. நான்தான் நிக்கவிடாமப் பண்ணி வெச்சிருந்தேன்."

பின்னால் ஜெபம் சொல்லிவந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"எட்டு மாசமா இதத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

தெரியும் என்றேன்.

"கஞ்சி கொண்டுவந்தீங்களே, அப்பவுமா?"

அப்பவும்தான் என்றேன்.

அவள் சுரூபத்தை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க எல்லாரும். காத்துல மெழுகுவத்தி அணையப் போவுது" என்றாள். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்தோம். என் முகத்தை அவள் அதன்பின் பார்க்கவில்லை. இந்த வியாழன் கஞ்சியை வாசலிலேயே லிகாயாவிடம் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாளே, அதுவே பெரிது.

மார்ச் 16ஆம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் கோன்சிங் ஆலைமேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வருகிறது. அர்செனியோ நோட்டோடு போகிறார். வேலை போகும். அதற்கு மேலும் ஏதாவது வரலாம். ப்ருடென்சியோ வந்து கத்திவிட்டுப் போனான்: "பாஸ் பண்ணிட்டு இப்படி யாராவது பண்ணுவானாய்யா?" பிறகு வாசலில் நின்று, "விசாரணைக்கு நானும் வரட்டுமா" என்று கேட்டான்.

நேற்று எங்கள் மேசையில் நாங்கள் மூன்று பேரும், கோன்சிங்கின் அண்ணனும் இருந்தோம். அண்ணன் கேட்டது நியாயம்: ஆலையின் எஞ்சினியர் வந்து, இது வெறும் கிறுக்கல், இந்தக் கோட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று சொன்னால், எலெக்ட்ரீசியன் சொல்லையும் ஆறாம் வகுப்புக்காரி சொல்லையும் யார் எடுப்பார்கள்? என் தங்கை அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய எலெக்ட்ரிகல் எஞ்சினியர். அந்த எண் இன்னும் எங்கள் அப்பாவின் பெட்டியில் இருக்கும் சான்றிதழில் இருக்கிறது.

நான் கேட்பது இது. இந்தச் சிவப்புக் கோடு என்ன செய்யும் என்பதை, படிக்காதவருக்கும் புரியும்படி, அவள் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். எனக்கு எழுதியது போலவே எழுதினால் போதும். கீழே, உலகத்தில் இருந்தபோது அவளுக்கு இருந்த பெயரான ரோவேனா என்று கையெழுத்தும், அந்த லைசென்ஸ் எண்ணும் வேண்டும். அந்தப் பெயரை அவள் விட்டுவந்து பதினொரு வருஷம் ஆகிறது. மறுபடி எடுக்கலாமா, அதுவும் தவக்காலத்திலா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. எனக்கு அந்த விதிகள் தெரியாது. நான் கட்டாயப்படுத்தவில்லை.

இதைக் கொண்டுவருபவரிடம் இரண்டு டஜன் முட்டை அனுப்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு மழை வரக்கூடாதென்று உங்கள் மடத்துக்கு முட்டை கொண்டுவருவார்கள். இது அதற்கல்ல. பதில் இல்லை என்றாலும் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் பெர்பெத்துவாவுக்கு அவித்துக் கொடுங்கள்.

ஒன்று மட்டும், மதர். மடத்தின் மௌனம் வேறு, அறுந்த கம்பியின் மௌனம் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியில் நிற்பவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆகவே ஆம் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி, ஒரு வரி எழுதுங்கள். 12ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

தங்கள் ஜெபத்தை நாடும்
ஹெர்மீனியா